குழி எல்லாம் பழுது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பம்புகளின் மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டின் வழியே நீர் கசியாமல் தடுக்க, முகத்தோடு முகம் ஒட்டி ஓடும் இரு வளையங்கள்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் சீல் முகம் வழவழப்பாக இருந்தால்தான் உராய்வு குறையும், சிறு குழி இருந்தாலும் பழுதுதான் என்று அதில் சொல்லியிருப்பது பாதி உண்மை. கோவையில் சீல் முகங்களை லேப்பிங் செய்யும், அதாவது நுண்தூளால் தேய்த்துச் சமப்படுத்தும் தொழிலில் இருக்கிறேன். மீதிப் பாதியையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

வழவழப்புக்குச் சான்று உண்டு. சிலிக்கான் நைட்ரைடு என்ற கடினமான பீங்கான் வகைப் பொருள் தண்ணீரில் உரசும்போது அதன் மேற்பரப்பு நீருடன் வினைபுரிந்து, கரைந்து, தானாகவே மழமழப்பாகிவிடும். உராய்வின் அளவைச் சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 0.002-க்கும் கீழே இறங்குவதை ஆய்வாளர்கள் டோமிசாவாவும் ஃபிஷரும் 1987-இல் காட்டினார்கள்.

ஆனால் மசகு எண்ணெயோடு ஒப்பிட்டால் தண்ணீரின் பாகுத்தன்மை மிக மிகக் குறைவு. பளு ஏறினாலோ வேகம் குறைந்தாலோ நடுவிலுள்ள நீர்ப்படலம் தாங்காது. முகங்கள் நேரடியாக உரசித் தேயும். திட்டமிட்டுப் போட்ட குழி உதவுவது அங்கேதான். முகம் சுழலும்போது குழியின் ஒரு ஓரத்தில் நீரழுத்தம் குறையும், எதிர் ஓரத்தில் கூடும். குறைவதற்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே போனால் நீர் ஆவிக்குமிழியாகிவிடும். கூடுவதற்கு அப்படி எல்லை இல்லை. அந்த வித்தியாசம்தான் முகங்களைத் தூக்கிப் பிடிக்கிறது. அதோடு, குழி நீரைத் தேக்கி வைக்கும். உதிரும் துகளையும் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

இஸ்ரேலின் டெக்னியான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எட்சியான் 1990-களிலேயே லேசரால் சீல் முகங்களில் குழியிட்டு ஆராய்ந்தார். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் காட்டோ, அடாச்சி குழுவினர் தண்ணீரில் ஓடும் சிலிக்கான் கார்பைடு என்ற மற்றொரு பீங்கான் வகைக்கு இதைச் சோதித்தார்கள். பரப்பில் சுமார் 5 சதவீதக் குழி போதும்; ஆழம் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடர்த்தியோ ஆழமோ மிஞ்சினால் பலன் போய்விடும். லேசர் சுட்ட இடத்தில் விளிம்பு மேடிட்டு நிற்கும், அதையும் லேப்பிங்கில் எடுத்தாக வேண்டும். ஆகவே எங்கள் வேலை குறைவதில்லை, கூடுகிறது!

என் கவலை மணல். நம் ஆழ்துளைக் கிணறுகளில் மணலோடு வரும் நீரில் இந்தக் குழிகள் அடைத்துக்கொண்டால் தூக்குவிசை இருக்காது. ஆய்வக நீரில் கிடைத்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இங்குள்ள நீரிலேயே பம்பை ஓட்டிப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களை உங்கள் இதழில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்