'கிரேசி' பிறந்தது விரிசலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பகுதியில், 'கிரேசி' என்ற ஆங்கிலச் சொல் ஆதிமுதல் பைத்தியத்தையே குறித்து வந்ததாக எழுதப்பட்டிருந்தது. அது சரியல்ல. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'கிரேஸ்' என்றால் உடைத்தல், நொறுக்குதல். 16ஆம் நூற்றாண்டில் விரிசல் விட்ட பொருளும் நோயில் நலிந்த உடம்பும் 'கிரேசி' ஆயின. புத்தி பேதலித்தவரை அந்தச் சொல் சுட்டத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

பழைய பொருள் பீங்கான் தொழிலில் இன்றும் புழங்குகிறது. சூளையில் வெந்த பாத்திரம் ஆறும்போது, மேலே பூசிய கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு அடியிலுள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு, மயிரிழைக் கோடுகளாக வெடிக்கும். அதற்குப் பெயர் 'கிரேசிங்'. பழுதில்லாமல் இறக்கிய தட்டுகூட, மண் ஈரத்தை உறிஞ்சி உப்புவதால் மாதக்கணக்கில் கழித்து வெடிப்பதுண்டு. கிளேஸில் சோடா, பொட்டாஷைக் குறைத்து சிலிக்காவைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோணல்மாணலான கல்துண்டுகளைப் பதித்த தரையை 'கிரேசி பேவிங்' என்பதிலும் இருப்பது அந்த உடைசல்தான், கிறுக்கு அல்ல.

பைத்தியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கூட்டத்தில் நம் நாட்டு ஊர் ஒன்றும் இருக்கிறது. நாசிக் அருகே உள்ள தேவ்லாலியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் இடைத்தங்கல் முகாம் இருந்தது. பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் ஊர் திரும்பக் கப்பலுக்காக அங்கே காத்துக் கிடந்தார்கள். படைக் கப்பல்கள் குளிர்காலப் பருவத்தில் மட்டுமே ஓடின. அதைத் தவறவிட்டவருக்கு வெயிலும் வெறுமையும் மாதக்கணக்கில் நீண்டன. அப்படி நிலைகுலைந்தவர்களுக்கு 'டூலாலி டாப்' என்றார்கள். 'டாப்' என்பது காய்ச்சலைக் குறிக்கும் 'தப்'. நம் 'தாபம்' அதற்கு உறவு. பிற்பாடு வால் உதிர்ந்து 'டூலாலி' மட்டும் நின்றது.

ஊர்ப்பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லாக் கதையையும் நம்பிவிடக் கூடாது. கிறுக்கு என்று பொருள்படும் 'பார்மி' என்ற சொல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தின் பார்மிங் மனநல விடுதியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த விடுதி திறந்தது 1833இல். நுரைத்துப் பொங்கும் 'பார்ம்' என்ற ஈஸ்ட்டிலிருந்து பிறந்த 'பார்மி' 16ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. ஆண்டைப் பார்த்தாலே கதை நிற்காது என்று தெரிந்துவிடும்.

நிலாவை வைத்துப் பிறந்த, பைத்தியக்காரர் என்று பொருள்படும் 'லூனாட்டிக்' மட்டும் சட்டப்புத்தகத்திலேயே ஏறி உட்கார்ந்தது. இங்கிலாந்து 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைக் கைவிட்டது. நம் 1912ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டமோ 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. நோயாளிகளை அரசே அத்தனை காலம் அப்படி அழைத்தது எனக்குப் பெரும் வருத்தம்.

சொல்மூலம் எழுதும்போது அது முதலில் பதிவான காலத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்