அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் தங்கச்சிமடத்துக்காரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

போன வாரம் எங்கள் தெரு மதினி ஒருவர் பழைய மாத்திரை அட்டையோடு வந்தார். கொரோனாவில் அண்ணனுக்குக் கொடுத்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். "அன்னைக்கு அண்ணனைக் காப்பாத்துனது இதுதானே, இவனுக்கும் கொடுக்கவா?" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் பையனை அழைத்துவரச் சொன்னேன். டெங்கு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவனுக்கு 62,000தான் இருந்தன.

மதினி மேல் தப்பில்லை. 2021 மே மாதம், கொரோனா நோயாளிகளுக்கு நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து டி-டைமர் என்ற பரிசோதனை பார்ப்போம். ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது சிலருக்கு ஆயிரக்கணக்கில் வரும். உடம்புக்குள் ரத்தம் கட்டுகிறது என்பதற்கு அது அடையாளம்.

வைரஸைக் கண்டதும் உடம்பு இன்டர்லியூக்கின்-6 போன்ற புரதங்களை விட்டு ஆபத்தை அறிவிக்கிறது. உடனே மோனோசைட் என்ற வெள்ளணு, டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதத்தைத் தன் மேல் ஏற்றிக்கொள்கிறது. வெட்டுக்காயத்தில் ரத்தத்தை உறையவைப்பதும் அதுவே. ஆக, காயமே இல்லாமல் ரத்தம் உறையத் தொடங்குகிறது. நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணு தன் டிஎன்ஏவையே வலையாக வீசுகிறது. கிருமியைப் பிடிக்கத்தான் வீசுகிறது, ஆனால் தட்டணுக்களும் மாட்டிக்கொள்கின்றன. இழுவலையில் மீன் மட்டுமா ஏறுகிறது? இது கட்டுக்கடங்காமல் போனவர்களுக்குத்தான் டாக்டர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும், எதிர்ப்பின் வேகத்தைத் தணிக்க டெக்ஸாமெத்தசோனும் போட்டார்கள்.

டெங்குவிலும் கிளம்புவது அதே எதிர்ப்புச் சக்திதான். ஆனால் அங்கே தட்டணு குறைகிறது, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தே. அந்த நேரத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ, ஆஸ்பிரினோ, இபுபுரூஃபெனோ உள்ளே போனால் ரத்தக்கசிவு வரலாம். இதய நோய்க்காக இவற்றை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பையன் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிவிட்டான். இங்கே தண்ணீர் லாரி வரும் நாளில் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்கிறோம், கொசுவும் அதில்தான் முட்டையிடுகிறது. அடைமழைக் காலமும் வந்துவிட்டது. டெங்குச் செய்தி போடும்போதெல்லாம், கொரோனாக் கால மாத்திரையைக் காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.