ஏழு அடுக்கும் தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெட்வொர்க்கிங் படிப்பைப் பற்றிப் போன வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும், எந்த ரூட்டரில் பழக வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தார்கள். நான் செங்கோட்டையில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர், அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை பத்தொன்பது வருடமாக நெட்வொர்க் வேலை செய்கிறேன். என் தொழிலில் பாதி, வலையை எங்கே பிரிப்பது, ஏன் அங்கே என்று யோசிப்பதுதான். அது அந்தக் கட்டுரையில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் ஓஎஸ்ஐ என்று, வலையில் தகவல் போகிற வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டுகிற மாதிரியின் அடுக்குகள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். எதற்காக அடுக்கடுக்காகப் பிரித்தார்கள் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வருவதே இல்லை.

எனக்கு அது விளங்கியது எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில். அப்பா அங்கே பார்சல் மூட்டை சுமந்தவர். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற மலைப்பாதை 1904-இல் வந்தது, அகலப் பாதையானது 2018-இல்தான். என் சின்ன வயதில் கொல்லம் வரை மீட்டர் கேஜ், கொல்லம் தாண்டி எர்ணாகுளம் பக்கம் பிராட் கேஜ். எர்ணாகுளத்துக்குப் போகிற மூட்டையைக் கொல்லத்தில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். ஆனால் மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். மேலே கட்டிய சீட்டில் ஊர் பெயர் இருக்கும், அது போதும். உள்ளே இருப்பது வெற்றிலையா வத்தலா என்று தூக்குகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எத்தனை வண்டி மாறி வந்தது என்று வாங்குகிறவருக்கும் கவலை இல்லை.

1974-இல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய, இன்றைய இணையத்துக்கு அடித்தளமான கட்டுரை எடுத்துக்கொண்டதும் இந்த இக்கட்டைத்தான். வாடகைத் தொலைபேசிக் கம்பி, ரேடியோ, செயற்கைக்கோள் என்று ஒவ்வொரு வலையும் ஒவ்வொரு கேஜாக இருந்த காலம் அது. எல்லோரும் ஒரே கேஜுக்கு மாறுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்த வலையும் சுமக்கக்கூடிய ஒரு மூட்டை, அதன்மேல் எல்லோருக்கும் புரிகிற முகவரி, வலைகள் சந்திக்கிற இடத்தில் மாற்றி ஏற்ற ஒரு கேட்வே, இவ்வளவுதான் கேட்டார்கள். தொலைந்த மூட்டையைத் திரும்ப அனுப்புகிற வேலையும் முதலில் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வலைவழியே குரலை அனுப்பிப் பார்த்தவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. பேச்சில் தாமதமாக வந்துசேர்கிற சொல்லை வைத்து என்ன செய்வது? அப்புறம் 1978-இல் டிசிபி, ஐபி என்று நடுவே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். கொண்டுபோவது ஐபியின் வேலை, தொலைந்ததை மீட்பது டிசிபியின் வேலை, அது வேண்டாதவர் விட்டுவிடலாம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு நாம் இன்று வீடியோவில் பேச முடிகிறதென்றால் அன்று அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் போட்டதும் ஒரு காரணம். பாடப்புத்தகத்தில் அப்ஸ்ட்ராக்ஷன் என்று வருவது இந்தக் கோட்டைத்தான்: உள்ளே நடப்பதை மூடிவைத்து, அடுத்தவருக்குத் தேவையானதை மட்டும் வெளியே காட்டுவது.

கோடே போடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை. ஓணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், அங்கே வேலை பார்க்கிற நம்மூர்த் தம்பி போன் செய்தான். "அண்ணே, பில் போட முடியல, லேப் ரிப்போர்ட் வரல, எல்லா லைட்டும் ஒண்ணா மின்னுது." போய்ப் பார்த்தால் பில்லிங், லேப், கேமரா, வந்துபோகிறவர்களின் வைஃபை எல்லாம் ஒரே வலை, வயர்களை ஒன்றாகச் சேர்க்கிற ஸ்விட்ச் பெட்டி ஐந்து. தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயரை யாரோ நல்ல எண்ணத்தில் அதே ஸ்விட்சின் இன்னொரு போர்ட்டில் சொருகியிருந்தார்கள். ஐபி கொண்டுபோகிற மூட்டைக்குப் பாக்கெட் என்று பெயர், அதில் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. வலைக்கு வலை மாற்றி ஏற்றுகிற ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பாக்கெட் அங்கேயே கைவிடப்படும். கட்டடத்துக்குள் ஸ்விட்ச்கள் கைமாற்றுகிற மூட்டை ஈதர்நெட் பிரேம், அதில் அந்த எண் கிடையாது. வளையம் கிடைத்தால் சுற்றிக்கொண்டும் பெருகிக்கொண்டும் இருக்கும். ராடியா பெர்ல்மன் என்ற கணினி அறிஞர் 1985-இல் கொடுத்த, வளையம் இருந்தால் ஒரு வழியை மூடிவிடுகிற ஸ்பானிங் ட்ரீ முறை இதைத் தடுக்கத்தான். அங்கிருந்த மலிவு ஸ்விட்ச்களில் அது இல்லை.

வயரைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையால் எழுதி, ஒரு நர்ஸ் மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் மூச்சிரைப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பெரிய ஸ்விட்ச் வாங்கிவிடலாமா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். முதலில் ஒரு தாள் கொடுங்கள் என்றேன். பில், லேப், கேமரா, விருந்தினர் என்று நாலு கட்டம். யார் யாரோடு பேசலாம், யார் பேசக்கூடாது என்று நாலைந்து அம்புக்குறி. அதை எழுதி முடிக்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது, ஏனென்றால் அதுவரை யாரும் யோசித்ததே இல்லை. ஸ்விட்ச் மாற்றியதும், ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனித்தனி வலைகளாக, அதாவது விஎல்ஏஎன்களாக, பிரித்ததும் அதற்குப் பிறகுதான். அடுத்த வருடம் கேமரா மாட்ட வந்தவர் அதே தவறைச் செய்தார். ஸ்பானிங் ட்ரீ இருந்த புது ஸ்விட்ச் அந்த ஒரு போர்ட்டை மூடிக்கொண்டது. லேப்பில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவே இல்லை.

ஸ்காட் ஷெங்கர் என்ற பேராசிரியர் 2011-இல் பேசியதும் இதை ஒட்டித்தான். பாக்கெட் போகிற வழிக்கு அழகான அடுக்குகள் இருக்கின்றன, வலையை ஆளுகிற பக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு புரோட்டோகாலை, அதாவது பெட்டிகள் பேசிக்கொள்கிற விதியை, சேர்த்துக்கொண்டே போகிறோம் என்றார். என்ன வேண்டும் என்பதை ஓரிடத்தில் சொன்னால், எந்தப் பெட்டியில் என்ன மாற்ற வேண்டும் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். ஸ்விட்ச்களுக்கு வெளியிலிருந்து மென்பொருள் கட்டளை கொடுக்க வழிசெய்கிற, 2008-இல் வந்த ஓப்பன்ஃப்ளோ அதற்குக் கதவு திறந்தது. நாற்பது ஸ்விட்ச்சில் ஒவ்வொன்றாக உள்ளே போய் ஒரே கட்டளையை அடித்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

மூடிவைத்தது சில சமயம் கசியும், அதையும் சொல்ல வேண்டும். ஆரியங்காவுப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு வயர்லெஸ் இணைப்பு கொடுத்திருக்கிறேன். மழைக்காலத்தில் நனைந்த மரங்கள் சிக்னலைத் தின்றுவிடும், பாக்கெட் தொலையும். டிசிபி பெரும்பாலும் அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். மேல் அடுக்கு மட்டும் தெரிந்தவர் சர்வரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் செய்முறைத் தேர்வில் ரூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். ஒரு பள்ளிக்கூடத்தையோ மருத்துவமனையையோ சொல்லி, எங்கே பிரிப்பாய், ஏன் அங்கே என்று எழுதச் சொல்லுங்கள், அதற்குப் பாதி மதிப்பெண் வையுங்கள். டெண்டர் விடுகிறவர்களும் எத்தனை பெட்டி என்பதோடு அந்த வரைபடத்தையும் கேட்கட்டும்.

அந்த மருத்துவமனைத் தாளின் நகல், பெயர் நீக்கியது, என்னிடம் இருக்கிறது. தென்காசி, கொல்லம் மாவட்டங்களில் எந்த ஆசிரியர் கூப்பிட்டாலும் ஒரு சனிக்கிழமை வந்து, அதைப் பலகையில் வரைந்து காட்டுகிறேன். காசு வேண்டாம். மலையாளத்திலும் என்னால் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்,
செங்கோட்டை