அப்பா பார்க்கப்போகும் வெந்நீர்த் தொட்டி

கால்கரி,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குன்னூரில் இந்த வருஷம் பனி அதிகம் என்று தங்கச்சி சொன்னாள். காலையில் தண்ணீரில் கை வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கொடுத்துவிட்ட வர்க்கி நேற்றோடு தீர்ந்தது. டப்பாவின் அடியில் கிடந்த தூளையும் டீயில் போட்டுச் சாப்பிட்டேன்.

உங்கள் வாய்ஸ் மெசேஜை மூன்று தரம் கேட்டேன். கோத்தகிரி ரோட்டுக் காட்டேஜ்காரர் மாடியில் ஹாட் டப் வைத்திருக்கிறார், அதைப் பார்த்துக்கொள்ள உங்களைக் கூப்பிட்டிருக்கிறார் என்றதும் சந்தோஷமாக இருந்தது. "முப்பது வருஷம் பாய்லரோடு குடித்தனம் பண்ணினவன்டா, இந்தத் தொட்டி என்னை என்ன பண்ணிடும்" என்றீர்களே, அதைக் கேட்டுக் கொஞ்சம் பயமும் வந்தது. அதனால்தான் கடிதம். ஃபோனில் சொன்னால் மருந்துப் பெயர்கள் நிற்காது. எழுதி வைத்தால் உங்கள் ரயில் எஞ்சின் ஷெட் ரிஜிஸ்டரைப் போலப் புரட்டிப் பார்ப்பீர்கள்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "தண்ணீர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். இந்த ஊரில் நிறைய வீடுகளின் பின்பக்கம் வெட்டவெளியில் ஒரு தொட்டி இருக்கும். நாலைந்து பேர் உட்காரலாம், 1,500 லிட்டர் பிடிக்கும். வெளியே மைனஸ் 25, உள்ளே தண்ணீர் 40 டிகிரி. தலைமுடியில் பனி உறைந்திருக்க, கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஒரு தரம் போய் அந்தத் தண்ணீரைச் சோதித்து, மருந்து போட்டு, ஃபில்டரைக் கழுவி வைப்பது என் வேலை. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. சில நாள் மலைப் பக்கமிருந்து சினூக் என்று ஒரு வெதுவெதுப்பான காற்று இறங்கும். சில மணி நேரத்திலேயே வெப்பம் 20 டிகிரி ஏறி, கூரையெல்லாம் சொட்டும். அன்றைக்கு மட்டும் கையுறை இல்லாமல் வேலை செய்வேன்.

நான் ஆறாவது படிக்கும்போது என்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள், நினைவிருக்கிறதா? அன்று வாஷவுட், பாய்லரை உள்ளே கழுவும் நாள். எஞ்சின் வெளியே பளபளவென்று இருந்தது. நீங்கள் பாய்லரின் அடிப் பிளக்கைக் கழற்றித் தண்ணீரைப் பீய்ச்சியதும் சேறு சேறாக வந்தது. அதில் ஒரு வெள்ளைப் பொருக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "முட்டை ஓடுன்னு நினைக்காதே, இது தண்ணீர்டா" என்றீர்கள். கொதித்துக் கொதித்துத் தங்கின உப்பு என்று பிறகுதான் புரிந்தது.

இங்கே வந்த முதல் வருஷம் ஒரு வயதான தம்பதி வீட்டுக்குப் போனேன். தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடியில் போட்ட ஊசி தெரியும். ஆனால் அந்த ஐயாவின் முதுகிலும் தொடையிலும் நீச்சலுடை மூடியிருந்த இடம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. நான் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கை விட்டுச் சுவரைத் தடவினேன். விரல் வழுக்கியது. குழாய் கழுவும் மருந்தை ஊற்றி, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டை ஓட விட்டேன். பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு ஜெட் வாயிலிருந்தும் பழுப்பு நுரை, அதோடு நனைந்த காகிதத் துணுக்கு மாதிரி சாம்பல் நிறப் பிசுக்கு. குழாயின் உள்சுவரில் கிருமிகள் கூடு கட்டி வைத்திருந்த படலம் அது. குளோரின் மேலே மேலே பட்டுப் போகும், அதற்குள் இறங்காது. அந்தப் பொருக்கை நீங்கள் கையில் வைத்த நாள்தான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அப்பா, தெளிவாக இருக்கிறது என்று காட்டேஜ்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

40 டிகிரி நமக்குச் சுகம், கிருமிக்கும் அதுதான் சுகம். 1976-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் நிமோனியா கண்டு இறந்தார்கள். அதற்குக் காரணமான கிருமிக்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை, தண்ணீர்த் துளிகளை மூச்சில் இழுப்பதால் வரும். ஜெட் ஓடும்போது தொட்டிக்கு மேலே ஆவியும் சாரலும் எழும்புமே, ஆபத்து அதில்தான். காட்டேஜ் என்றால் வாரம் ஒரு குடும்பம், முகம் தெரியாதவர்கள். அதனால் மருந்து அளவில் ஒருநாளும் குறை வைக்காதீர்கள்.

அளவுகளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிஹெச், அதாவது புளிப்பு-கார அளவு, 7.2-லிருந்து 7.8-க்குள். குளோரின் 3-லிருந்து 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), 3-க்குக் கீழே இறங்கவே கூடாது. ஆல்கலினிட்டி, அதாவது பிஹெச்சை ஆடாமல் பிடித்து வைக்கும் காரம், 80-லிருந்து 120 பிபிஎம். சோதனைப் பட்டையை நனைத்து, டப்பாவில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டால் போதும். ஆட்கள் தங்கும் நாளில் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். குளோரினுக்கு டைகுளோர் குருணை வாங்கச் சொல்லுங்கள். 1,500 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் ஏறக்குறைய 2 பிபிஎம் ஏறும். ஆல்கலினிட்டி குறைந்தால் அம்மாவின் ஆப்ப சோடாவே போதும். கடையில் ஆல்கலினிட்டிக்கு என்று விற்பதும் அதுவும் ஒரே சரக்குதான்.

நீச்சல் குளத்துக்கு விற்கும் பெரிய டிரைகுளோர் மாத்திரை வேண்டாம், அதன் புளிப்பு ஹீட்டரை அரித்துவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், சுண்ணாம்பு தங்கும். முக்கியமாக இவற்றில் இரண்டை ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில்கூடக் கலந்துவிடாதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும். எப்போதும் தண்ணீரில் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. போட்ட பிறகு மூடியை இருபது நிமிஷம் திறந்தே வையுங்கள். மூடினால் மருந்திலிருந்து எழும் வாயு மூடியின் அடித்தோலைத் தின்றுவிடும்.

நம் ஊர்த் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை போகவே போகாது என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அது மென்மையான, கால்சியம் குறைந்த தண்ணீர். கால்கரித் தண்ணீர் இதற்கு நேர் எதிர், கெட்டிலில் வெள்ளை படிகிறது. எனக்கு இங்கே பொருக்குதான் தொல்லை, உங்களுக்கு ஹீட்டர் அரிப்பும் நுரையும் தொல்லையாக இருக்கும். கால்சியம் கொஞ்சம் சேர்த்து 150 பிபிஎம்முக்கு மேலே வைத்துக்கொண்டால் இரண்டும் அடங்கும்.

நுரைக்கு இன்னொரு காரணம் ஆட்கள். விருந்தாளிகள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே இறங்குவார்கள். சோப்பு போட்டு ஒரு குளியல் போட்ட பிறகுதான் தொட்டி என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்புறம் ஊட்டிக்கு வந்தோமே என்று நீலகிரித் தைலத்தை வாங்கித் தொட்டியில் விடுவார்கள், இது நடக்கும் பாருங்கள். தைலம் ஃபில்டரின் மடிப்புக்குள் பிசினாக ஒட்டிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரால் போகாது. ஃபில்டரை வாரம் ஒரு தரம் கழற்றி, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடியுங்கள். மாதம் ஒரு தரம் ஃபில்டர் கழுவும் மருந்தில் இரவு முழுக்க ஊற வையுங்கள். இரண்டு ஃபில்டர் வாங்கச் சொல்லுங்கள், ஒன்று ஓடும்போது ஒன்று காயட்டும்.

ஃபில்டர் விஷயத்தில் நான் செய்த தப்பை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. போன டிசம்பரில் ஒரு வீட்டுக்காரர்கள் பத்து நாள் வெளியூர் போனார்கள். போவதற்கு முன்பு நான் அங்கே போனபோது இருட்டிவிட்டது, கை விறைத்துவிட்டது. அடுத்த வாரம் மாற்றலாம் என்று ஃபில்டரை அப்படியே விட்டேன். அது அடைத்து, தண்ணீர் ஓட்டம் குறைந்து, ஹீட்டர் தானாக நின்றுவிட்டது. உங்கள் எஞ்சினில் தண்ணீர் குறைந்தால் ஈயப் பிளக் உருகுமே, அது மாதிரி ஒரு காவல். ஆனால் வெளியே மைனஸ் 31. நான் போய்ப் பார்த்தபோது குழாய்கள் உறைந்து பம்ப் விரிசல் விட்டிருந்தது. இரண்டு நாள் சின்ன ஹீட்டரை உள்ளே வைத்துப் பனியை இளக்கினேன். அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, வேலை முடியாமல் நீங்கள் ஒருநாளும் ஷெட்டை விட்டு வீட்டுக்கு வந்ததில்லை என்பதே ஞாபகம்.

குன்னூரில் குழாய் உறையாது, அந்தக் கவலை வேண்டாம். ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். பம்ப் நின்ற வெதுவெதுப்பான தண்ணீர்தான் மோசம். கரண்ட் வந்ததும் முதலில் குளோரினைப் பாருங்கள், பிறகுதான் ஆட்களை விடுங்கள். மூடியைப் பூட்டியே வையுங்கள். குரங்கு வந்தால் ஒரே மதியத்தில் உள்ளே இருக்கும் ஃபோமைப் பிய்த்துப் போட்டுவிடும். குழந்தைகளுக்காகவும் பூட்டு வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் இறங்கவே கூடாது. தங்கச்சி ஆசைப்பட்டாலும் பிரசவம் ஆகும் வரை வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் ஏற்றச் சொல்லி யார் கேட்டாலும் ஏற்றாதீர்கள்.

தண்ணீரை எப்போது மாற்றுவது என்று கேட்டீர்கள். தொட்டியின் லிட்டரை 12-ஆல் வகுத்து, ஒரு நாளைக்கு இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் எத்தனை நாள் என்று வரும். 1,500 லிட்டர், நாலு பேர் என்றால் 31 நாள். மாற்றுவதற்கு முன் குழாய் கழுவும் மருந்து கட்டாயம். இங்கே இந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடக்கூடாது, அது நேரே ஆற்றுக்குப் போகும். அங்கேயும் ஓடையில் விடாதீர்கள், அது பவானிக்குத்தான் போய்ச் சேரும். இரண்டு மூன்று நாள் மூடியைத் திறந்து வைத்தால் வெயிலில் குளோரின் இறங்கி விடும். பட்டையில் 0 காட்டிய பிறகு கழிவறைக்குப் பயன்படுத்துங்கள். ரேலியா அணைத் தண்ணீர் எப்போது வரும் என்று நாம் குடத்தோடு காத்திருந்த வீட்டுக்காரர்கள், 1,500 லிட்டரைச் சாக்கடையில் விட மனசு வராது.

மார்ச்சில் இங்கிருந்து ஒரு நண்பர் கோயம்புத்தூர் வருகிறார். சோதனைப் பட்டை நாலு டப்பா கொடுத்து அனுப்புகிறேன், நூறு நூறாக இருக்கும். அதற்குள் தொட்டியின் அடியில் மோட்டார் பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். நம் ஊர்க் கரண்டுக்கு ஏற்ற 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்க வேண்டும். 60 என்று இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் பதில் சொல்லும் வரை சுவிட்சைப் போடாதீர்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்