5-ஆம் எண்ணின் மேல் ஒரு புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கும் புது டிவிகள் பற்றி எழுதியிருந்தீர்கள். ரிமோட்டில் இனி பட்டனே வேண்டியிருக்காது என்ற வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. பழைய ரிமோட்டைக் கையில் எடுத்தால் அவர் கட்டைவிரல் நேராக 5-ஐத்தான் தேடும். அதன் மேல் கடுகளவு ஒரு புள்ளி புடைத்திருக்கும். அது தட்டுப்பட்டுவிட்டால் போதும், மேலே 2, கீழே 8, இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 6. யார் தயவும் இல்லாமல் சேனல் மாற்றிக்கொள்வார்.

புது டிவியோடு வந்த ரிமோட்டில் எண்களே இல்லை. வழவழவென்று ஒரு வட்டம், அப்புறம் ஒரு மைக். பல் செட்டைக் கழற்றிய நேரத்தில் அவர் பேசுவது அந்த மைக்குக்குப் புரிவதில்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பேசாமல் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

போதாததற்கு அது புளூடூத் ரிமோட். டிவியோடு இருந்த இணைப்பு ஒருநாள் அறுந்துபோனது. திரும்ப இணைக்கத் திரையில் வருவதைப் படித்துப் படித்துச் செய்ய வேண்டும். அப்பாவால் அது எப்படி முடியும்?

பழைய ரிமோட்டுகளில் இந்தத் தொல்லையே இல்லை. 1956-இல் ஸெனித் என்ற அமெரிக்க டிவி நிறுவனத்துக்கு ராபர்ட் ஆட்லர் என்ற பொறியாளர் செய்துகொடுத்த ரிமோட்டில் பேட்டரிகூடக் கிடையாது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தி அலுமினியத் தண்டைத் தட்டும். அதிலிருந்து எழும், மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை டிவி பிடித்துக்கொள்ளும். சுத்தி தட்டுவது மட்டும் அழுத்தியவர் காதுக்கு ‘டக்’கென்று கேட்கும். பிறகு வந்த, கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இயங்கும் அகச்சிவப்பு ரிமோட்டும் எளிமையானதுதான். பட்டனுக்கு ஒரு குறியீடு. பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 38,000 துடிப்பாக அதை ஒளியில் அனுப்பும். இணைப்பு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம், டிவியைப் பார்த்து நீட்டினால் சரி. வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் செல்போன் கேமராவுக்கு முன்னால் அழுத்திப் பார்க்கலாம். முனையில் இருக்கும் விளக்கு மினுங்குவது பெரும்பாலான கேமராக்களில் தெரியும்.

நல்லவேளை, எங்கள் டிவி அகச்சிவப்பையும் ஏற்றுக்கொண்டது. எண் பட்டன்கள் உள்ள, பல டிவிகளுக்கும் பொருந்தும் யுனிவர்சல் ரிமோட் ஒன்றை வாங்கி, டிவிக்கான குறியீட்டைப் பதிந்து கொடுத்தேன். கையில் வாங்கியதும் அப்பாவின் விரல் 5-ஐத்தான் தடவிப் பார்த்தது.

டிவி, சவுண்ட்பார் எதுவானாலும் ஒப்பிட்டு எழுதும்போது படத் தெளிவு, ஒலித்தரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ரிமோட்டில் எண்கள் உண்டா, 5-இல் புள்ளி உண்டா, புளூடூத் போனால் அகச்சிவப்பில் இயங்குமா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். வாங்குவதற்கு முன்னால் எனக்குத் தெரியாமல் போனது இதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்