குளிசை உறையில் தமிழில் ஒரு வரி

அரச மருந்தகங்களில் குளிசை உறையில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கொழும்பில் மருந்தாளர் படிப்பின் இறுதியாண்டு மாணவி. மொழிப் பிரச்சினை உங்களுக்குப் புதிதில்லை, எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே பின்னணியை விட்டுவிட்டு நேரே கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு வருகிறேன்.

வீடுகளில் மக்கள் மருந்தை எப்படிப் பாவிக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. வீடு வீடாகப் போய், பிஸ்கட் டின்னையும் ஷொப்பிங் பையையும் கவிழ்த்துக் கொட்டச் சொல்லி, உள்ளே இருப்பதை எழுதிக்கொள்ள வேண்டும். பாதியில் விட்ட அன்டிபயோட்டிக், பெயர் இல்லாமல் வெட்டிய பட்டைகள், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பிரஷர் குளிசை, எல்லாம் வரும்.

அந்த ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப் போயிருந்தன. நான் போன அன்று வாயைத் திறக்கவே கஷ்டப்பட்டார். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண். "உடம்புச் சூடு, பிள்ளை" என்றார். பேரன் செவ்விளநீர் வெட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தான். அப்புறம் ஆச்சி கேட்டார்: "குளிசை முடிஞ்சிருச்சு. கிளினிக்குக்கு இன்னும் மூணு கிழமை இருக்கு. வெளியில வாங்கிப் போடலாமா?"

நீட்டிய உறை காலி. மேலே நீல மையில் ஆங்கிலத்தில் மருந்தின் பெயர், பக்கத்தில் 4 என்ற எண், அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு முறை என்பதற்கான ஆங்கிலச் சொல், அதுவும் கடைசி எழுத்துகள் இழுபட்டு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், 2.5 மில்லிகிராம். கிழமையில் ஒரே ஒரு நாள் நான்கு குளிசை, நான்கு கிழமைக்கு 16. ஆறாம் வகுப்புப் பேரனுக்கு விளங்கியது 4 மட்டும்தான். ஆச்சி தினமும் நான்கு போட்டு, ஒரு மாத மருந்தை நாலே நாளில் முடித்துவிட்டார். இன்னோர் உறையில் போலிக் அமிலம், மெத்தோட்ரெக்ஸேட்டின் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே கொடுக்கும் விட்டமின். அதுவும் சின்ன மஞ்சள் குளிசைதான். அதை மட்டும் கவனமாக, கிழமைக்கு ஒன்று போட்டிருக்கிறார்.

இந்த மருந்தை நாள்தோறும் போட்டால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உண்டாவதே அடங்கிப் போகும், வாய்ப்புண் அதற்கு முன்னறிவிப்பு. உங்களுக்குத் தெரியாததில்லை. ஓட்டோ பிடித்து வாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆச்சி தப்பிவிட்டார். எனக்கு அன்றிரவு முழுக்க அந்த இளநீர்க் கோம்பைதான் கண்ணுக்குள் நின்றது.

மருந்து கொடுத்தவரைக் குறை சொல்ல வரவில்லை. கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை, அதற்கு வெளியே முடிவில்லாத வரிசை. அவர் வாயால் சொல்லித்தான் இருப்பார், சிங்களத்தில், ஒரு முறை. ஆச்சிக்குச் சந்தையில் மீன் விலை பேசுகிற அளவுக்குச் சிங்களம் வரும். ஆனால் அந்த இரைச்சலில் யாருக்குத்தான் என்ன கேட்கும்? வீட்டுக்கு வந்த பிறகு பேச வேண்டியது உறைதான். அது தமிழில் பேச வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. சிகரெட் பெட்டியில் 2015 முதல் 80 வீத இடம் எச்சரிக்கைக்குத்தான், தமிழிலும் எழுதியிருக்கிறது. நல்ல விஷயம். புகைத்துச் சாகப் போகிறவருக்குத் தாய்மொழியில் சொல்கிறோம். குணமாக வந்தவருக்கு ஏன் சொல்வதில்லை?

வகுப்பிலும் இதே கூத்துத்தான். நோயாளிக்கு எப்படி ஆலோசனை சொல்வது என்று ஆங்கிலத்தில் படிக்கிறோம். சக மாணவியை நோயாளியாக உட்கார வைத்து ஆங்கிலத்திலேயே விளக்குவோம். அந்த நோயாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், நன்றியும் சொல்வார். அப்படி ஒருவரை நான் இன்னும் எந்த வீட்டிலும் பார்க்கவில்லை. மருந்துகளை வணிகப் பெயரால் அல்லாமல் பொதுப்பெயரால் அறியச் செய்து, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கப் பாடுபட்ட பேராசிரியர் சேனக பிபிலேயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்குகிறோம். ஏழைக்கும் மருந்து எட்ட வேண்டும் என்றார் அவர். எட்டியது, உறை வரைக்கும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன். புதிய கணினி வேண்டாம், குழுவும் வேண்டாம். ஒவ்வொரு மருந்தகத்துக்கும் நாலைந்து இறப்பர் முத்திரைகள் போதும். "காலை, இரவு", "சாப்பாட்டுக்குப் பின்", "கிழமையில் ஒரு நாள் மட்டும்" என்று தமிழிலும் சிங்களத்திலும். ஆங்கிலம் தெரியாத சிங்கள ஆச்சிமாரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். முதலில் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற ஆபத்தான மருந்துகளுக்காவது தயவுசெய்து செய்யுங்கள்.

உறையில் தமிழில் ஒரு வரி. கொட்டாஞ்சேனை ஆச்சிக்கு அடுத்த மாதம் மறுபடி கிளினிக். கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். முத்திரை அதற்குள் வராவிட்டால் உறையில் நானே எழுதிக் கொடுப்பேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு யார் எழுதுவது என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
இறுதியாண்டு மருந்தாளர் மாணவி,
கொழும்பு 13