மன அழுத்தமும் உடலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, இரவில் உறக்கம் பிடிக்கவில்லை என்று மருத்துவரை நாடிச் செல்லும் ஒருவருக்கு, ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்துவிட்டால், 'ஒன்றுமில்லை, டென்ஷன்தான்' என்ற பதில் பல நேரங்களில் கிடைக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாம் மனப்பிரமை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மன அழுத்தம் குறித்து நாளிதழ்களில் வெளிவரும் கட்டுரைகளும் பெரும்பாலும் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழிகளோடு நின்றுவிடுகின்றன. அந்த வேதனையை அனுபவிப்பவரின் உடலுக்குள் நடப்பவை அளந்து பார்க்கக்கூடிய மாற்றங்கள் என்பதையும் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சாலையைக் கடக்கும்போது மிக அருகில் ஒரு லாரியின் ஹாரன் ஒலித்தால், என்ன ஏது என்று நாம் யோசித்து முடிப்பதற்குள், மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியிலிருந்து கிளம்பும் தூண்டல், ஆபத்து வேளையில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் வழியாகச் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டி, அவற்றின் உட்பகுதியிலிருந்து அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, கண்ணின் பாவை அகல்கிறது, கல்லீரல் தான் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது, உமிழ்நீர் வற்றுகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குப் போகும் இரத்தம் கூடுவதால்தான் கை சில்லிட்டுப் போகிறது. காயம் பட்டால் இரத்த இழப்பு மட்டுப்பட வேண்டும் என்பதற்காக, இரத்தம் உறையும் தன்மைகூட அவ்வேளையில் அதிகரிக்கிறது.

இதற்குப் பின்னால் மெதுவாக நடக்கும் இரண்டாவது செயலைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. ஹைபோதலாமஸ், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி தன் ஹார்மோனை அனுப்ப, அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்தத்தில் இதன் அளவு உச்சத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஆகவே வாக்குவாதம் முடிந்து எதிராளி எழுந்து போன பிறகும் உடல் அந்தச் சண்டையிலிருந்து மீண்டிருப்பதில்லை. 'அதுதான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் இப்படி இருக்கிறாய்?' என்று கடிந்துகொள்கிறவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். போதிய அளவு சேர்ந்ததும் கார்ட்டிசாலே மூளைக்குச் சென்று மேற்கொண்டு சுரக்காதபடி தடுத்துவிடும் என்பதால், வந்து போகும் ஆபத்துகளைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடன் சுமை, வேலை பறிபோகும் அச்சம், ஆண்டுக்கணக்கில் நீளும் நோயாளிப் பராமரிப்பு போன்றவை வந்து போவதில்லை. காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ வேண்டிய கார்ட்டிசாலின் அன்றாட ஒழுங்கு அப்போது குலைகிறது. இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, உறக்கம், மாதவிடாய் என ஒவ்வொன்றாகப் பாதிப்பு பரவுகிறது.

இது நேற்று இன்று கண்டறிந்த செய்தியும் அன்று. 1890களின் இறுதியில் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் எக்ஸ்ரே கொண்டு பூனைகளின் செரிமானத்தை ஆராய்ந்தபோது, பூனை மிரண்டதும் இரைப்பையின் அசைவு நின்றுவிடுவதைக் கண்டார். 1936இல் மன அழுத்த ஆய்வின் முன்னோடியான ஹான்ஸ் செலியே, குளிர், காயம், அளவுக்கு மீறிய உடலுழைப்பு என எதற்கு ஆளானாலும் எலிகளின் அட்ரினல் சுரப்பி பெருத்து, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கி, இரைப்பையில் புண் உண்டாவதை நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார். என்னை மிகவும் பாதித்தது 1995இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பு இல்லாத பெண்களுக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் உண்டாக்கி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பராமரிப்போருக்கு அந்தச் சிறிய காயம் ஆற, மற்றவர்களைக் காட்டிலும் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகப் பிடித்தன. மனப்பிரமை என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள்?

பரிசோதனையில் எதுவும் தெரியவில்லையே என்ற கேள்வி நியாயமானது. வழக்கமான ஈசிஜி சுமார் 10 விநாடித் துடிப்பையே பதிவு செய்கிறது. முந்திய இரவின் படபடப்பு அதில் இருக்க வாய்ப்பில்லை. இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றியவுடனேயே சிலருக்கு அளவு ஏறிவிடுவதும், வீட்டில் பார்த்தால் இயல்பாக இருப்பதும் மருத்துவர்கள் அன்றாடம் காண்பவைதாம்.

உண்மையான இதயப் பாதிப்பையே வெறும் டென்ஷன் என்று தள்ளிவிடும் தவறு இன்னும் கொடியது. திடீர்த் துயரத்தாலோ அதிர்ச்சியாலோ இதயத்தின் இடது கீழறை பலூன்போல் உப்பிச் செயல் குன்றும் டகோட்சுபோ என்னும் பாதிப்பு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. இதயக் குழாயில் அடைப்பு இல்லாவிட்டாலும் நெஞ்சுவலி மாரடைப்பைப் போலவே இருக்கும். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள் என்றாலும் தொடக்க நாட்களில் உயிரிழப்பும் நேர்வதுண்டு. அது மாரடைப்பா, டகோட்சுபோவா, வேறெதுவுமா என்பதை மருத்துவமனையில்தான் அறிய முடியும். வீட்டில் துக்கமோ சச்சரவோ நேர்ந்த நாளில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், டென்ஷன் என்று சொல்லிப் படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் தக்க மருத்துவர்களைக் கொண்டு எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்